“எங்கே போனாலும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது”: வேவு பார்க்கப்படும் கைபேசியை அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

கணவரோ அவருடைய வீட்டாரோ தம்மைக் கைபேசி வழியாக வேவு பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படும் பெண்களுக்காக இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்து வீடுகளில் வழக்கமாக நடப்பவற்றை ஒட்டியவை.

முதலில், இதை யாருடைய கைபேசியில் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். அவருக்குப் பின் எண் தெரிந்த கைபேசியாகவோ, இரவில் அவர் கைக்குப் போய்வரும் கைபேசியாகவோ இருந்தால், இப்போதைக்கு மூடிவிட்டு, நம்பிக்கையான தோழியின் கைபேசியிலோ நூலகத்துக் கணினியிலோ படிப்பது நல்லது. மறைநிலையில், அதாவது ‘இன்காக்னிட்டோ’வில் திறந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உலாவியின் வரலாற்றில் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். உளவுச் செயலி இருக்கும் கைபேசியில் திரையில் தெரிவதை அதனால் மறைக்க முடியாது.

கைபேசி பழுது பார்ப்பவரிடம் கேட்டால், உளவுச் செயலியைக் கண்டவுடன் நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்வார். முகம் தெரியாத திருடனுக்கு அது சரியான மருந்து. ஒரே கூரையின் கீழ் இருப்பவர் வேவு பார்க்கும்போது அதுவே ஆபத்தாக முடியலாம். நேற்று வரை அவருடைய திரையில் நகர்ந்துகொண்டிருந்த புள்ளி இன்று நின்றுபோனால், ஏன் நின்றது என்ற கேள்வியோடுதான் அவர் வீட்டுக்குள் வருவார். ஆகவே கண்டுபிடிப்பதையும் அடைப்பதையும் இரண்டு தனி வேலைகளாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையில் பார்ப்பது மட்டுமே. எதையும் மாற்ற வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க வேண்டாம், ஏனெனில் அந்தப் படமே அவருக்குப் போய்ச் சேரக்கூடும். நம்பகமான ஒருவர் தம் கைபேசியால் உங்கள் திரையைப் படமெடுத்துத் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது வேலையை, போய்த் தங்க ஓர் இடமோ, துணை நிற்க ஒரு மனிதரோ, பாதுகாப்பு அலுவலரின் (குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டந்தோறும் இருப்பவர்) ஆலோசனையோ கிடைத்த பிறகு, ஒரே நாளில் முடியுங்கள்.

அடி விழும் நிலையிலோ உயிருக்கு அஞ்சும் நிலையிலோ இருந்தால் இந்தச் சோதனைகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 112-ஐ அழையுங்கள். மகளிர் உதவி எண் 181 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. முடிந்தவரை வேறொருவர் கைபேசியிலிருந்து அழையுங்கள்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு கருத்து. “அவர் என் போனை ஹேக் பண்ணிட்டார்” என்பது அடிக்கடி கேட்கும் சொல். பெரும்பாலான வீடுகளில் அப்படி எதுவும் நடந்திருப்பதில்லை. சாவி முதல் நாளிலேயே கைமாறியிருக்கும். கல்யாணமான புதிதில் ஈரோட்டு மணிக்கூண்டுப் பக்கமோ காந்திபுரத்திலோ ஒரு கடையில் மாப்பிள்ளை புதுக் கைபேசி வாங்கித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “ஜிமெயில் ஐடி இருக்குங்களா?” என்று கடைக்காரர் கேட்கிறார். பெண் வாய் திறப்பதற்குள், “புதுசாவே ஒண்ணு போட்டுருங்க, என்ற நம்பரையே குடுத்துருங்க” என்று மாப்பிள்ளை சொல்லிவிடுகிறார். சிம் அவருடைய ஆதாரில், கூகுள் கணக்கின் மீட்பு எண் அவருடையது, கடவுச்சொல் அவருக்கு மனப்பாடம். அன்று அது அன்பாகவே இருந்திருக்கலாம். பத்து ஆண்டு கழித்துச் சண்டை வரும்போதும் அந்தச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கணக்கைத் தொடங்கியது யார், இதன் ஓடிபி யாருக்குப் போகிறது என்பதுதான்.

“நான் எங்கே போனேன் என்பது அவருக்குத் தெரிகிறது”

பெருந்துறையில் இருக்கும் அம்மாயி வீட்டுக்குப் போய்விட்டு வந்த அன்று மாலை, “மத்தியானம் பெருந்துறையில என்ன வேலை?” என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வியையே கூர்ந்து கவனியுங்கள். ஊரை மட்டும் சொல்கிறாரா, போன நேரம், நின்ற கடை, எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பது வரைக்கும் சொல்கிறாரா? ஊரை மட்டும் சொன்னால் அது வாய்வழிச் செய்தியாகவும் இருக்கலாம். சொந்தபந்தம் ஊருக்கு ஊர் இருக்கும் நம் பக்கத்தில், பேருந்து நிறுத்தத்தில் பார்த்த மச்சாண்டாரின் கூட்டாளி ஒருவர் போதும். நிமிடக் கணக்கில் சொன்னால் கருவியைத் தேடுங்கள்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வழக்கமாகப் போகும், சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் இடத்துக்கு, ரேஷன் கடைக்கோ கோவிலுக்கோ, கைபேசியை மறந்துவிட்டதைப் போல வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்து போய் வாருங்கள். இன்னொரு நாள் அதேபோல் கைபேசி இல்லாமல் ஸ்கூட்டரில் போங்கள். அவருக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதிலிருந்தே கைபேசியா, வண்டியா, மனிதரா என்பது ஓரளவு பிரிந்துவிடும். கைபேசியை எடுக்காமல் போனாலே சண்டை வரும் என்ற வீட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

கைபேசிதான் என்றால், கூகுள் மேப்ஸைத் திறந்து மேலே உங்கள் படத்தைத் தொட்டு, ‘லொகேஷன் ஷேரிங்’ பகுதியில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதே பட்டியலில் உள்ள ‘டைம்லைன்’ நீங்கள் போன இடங்களை நாள்வாரியாகக் காட்டும். கைபேசியைக் கையில் எடுப்பவர் அதை அப்படியே படித்துவிடலாம். தொலைந்த கைபேசியைத் தேடுவதற்காக கூகுளும் ஆப்பிளும் வைத்திருக்கும் வசதி, உங்கள் கணக்கின் கடவுச்சொல் தெரிந்த எவருக்கும் உங்கள் இருப்பிடத்தைக் காட்டும். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடம் அதிகபட்சம் 8 மணி நேரம்தான் ஓடும். ஆனால் தினமும் காலையில் கைபேசியை வாங்கி ஒருமுறை அழுத்திவிட்டால் வேலை நேரம் முழுவதும் தெரிந்துவிடும். ஐபோனில், 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், ‘சேஃப்டி செக்’ என்ற பகுதி இருக்கிறது. யாருடன் என்னென்ன பகிரப்படுகிறது என்பதை ஒரே இடத்தில் அது காட்டும். அதில் எல்லாவற்றையும் உடனே நிறுத்தும் பொத்தானும் இருப்பதால், பார்க்கும்போது விரலைக் கவனமாக வையுங்கள்.

வண்டி என்றால் விஷயம் வேறு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலிலும் போர்வெல் வண்டித் தொழிலிலும் இருப்பவர்களுக்கு ஜிபிஎஸ் பெட்டி புதிய பொருள் அல்ல. வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே முதலாளி பார்க்கும் அதே பெட்டியை, மனைவியின் ஸ்கூட்டரிலும் பொருத்திவிடலாம். அதற்குள் ஒரு சிம் இருக்கும். சிவப்பும் கருப்புமாக இரண்டு கம்பிகள் பேட்டரிக்குப் போகும். சீட்டுக்கு அடியிலோ முன்பக்க மூடிக்குப் பின்னாலோ கால் வைக்கும் பலகைக்குக் கீழோ ஒட்டப்பட்டிருக்கும். காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனைத் துளையில் செருகும் வகையும் உண்டு. இந்தப் பெட்டி உங்கள் கைபேசிக்கு எந்த எச்சரிக்கையும் அனுப்பாது, கண்ணால் தேடித்தான் பிடிக்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுவதில் சிக்கல் இருக்கிறது, அவர்தான் பொருத்திக் கொடுத்தவராகவும் இருக்கலாம். வேறு ஊரில் ஆயில் மாற்றும் சாக்கில் பார்க்கச் சொல்லுங்கள். மின்சார ஸ்கூட்டராக இருந்தால் தனியாக எதையும் பொருத்தத் தேவையில்லை. பல வண்டிகளின் சொந்தச் செயலியே வண்டி நிற்கும் இடத்தைக் காட்டும், அந்தச் செயலி யார் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதே கேள்வி.

பைக்குள் போட்டுவிடும் சிறு வட்ட வில்லைகள் இன்னொரு வகை. ஆப்பிளின் ஏர்டேக் 2021-இல் வந்தது. உரிமையாளரை விட்டு விலகி உங்களோடு அது நகர்ந்துகொண்டிருந்தால் ஐபோன் எச்சரிக்கும். 2023 முதல் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இந்த எச்சரிக்கை வருகிறது. வில்லை கிடைத்தால் தூக்கி எறிய வேண்டாம். என்எஃப்சி (அருகில் வைத்ததும் தகவலைப் படிக்கும் வசதி) உள்ள கைபேசியின் பின்புறத்தில் அதை வைத்தால் திறக்கும் பக்கத்தில் அதன் வரிசை எண்ணும், உரிமையாளரின் தொலைபேசி எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களும் தெரியும். புகாருக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

எல்லாரும் மறந்துவிடுவது ஃபாஸ்டேக். கார் விஜயமங்கலம் சுங்கச்சாவடியையோ கணியூர் சுங்கச்சாவடியையோ கடந்தவுடன், சாவடியின் பெயரும் நேரமும் தாங்கிய குறுஞ்செய்தி பதிவு செய்த எண்ணுக்குப் போய்விடுகிறது. யுபிஐ வழியாகச் செலுத்தும் பணமும் அப்படியே. கணக்கு அவருடைய எண்ணோடு இணைந்திருந்தால், பேக்கரியில் குடித்த டீயும் கடையின் பெயரோடு அவருக்குத் தெரியும். வழக்கறிஞரையோ பாதுகாப்பு அலுவலரையோ பார்க்கப் போகும் நாளில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் போவது சிறந்தது. 2021 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே பணம் செலுத்திய தடயமும் இல்லை.

“என் வாட்ஸ்அப்பில் இருப்பதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்”

வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் ‘லிங்க்டு டிவைசஸ்’, அதாவது இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரு கணக்கை, உங்கள் கைபேசியைத் தவிர, இன்னும் நான்கு சாதனங்களில் திறந்து வைக்க முடியும். உங்கள் கைபேசி அணைந்திருந்தாலும் அவற்றில் செய்திகள் போய்ச் சேரும். அந்தச் சாதனம் எது, கடைசியாக எப்போது இயங்கியது என்பதும் அங்கே தெரியும். நீங்கள் இதுவரை கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்ததே இல்லை, ஆனால் பட்டியலில் ஒரு கணினி இருக்கிறது என்றால், காரணம் கிடைத்துவிட்டது. அதைத் தொட்டால் வெளியேற்றும் பொத்தான் வரும். அதை அழுத்திய நொடியில் அவருடைய கணினித் திரை மூடிக்கொள்ளும் என்பதால், அழுத்துவதற்கு உரிய நாளை முன்பே சொன்னபடி தள்ளிப் போடுங்கள். அதுவரை அங்கே வழக்கமான பேச்சே நடக்கட்டும்; முக்கியமானதை நேரில் பேசுங்கள்.

பட்டியல் காலியாக இருந்தால், விரலைப் பற்றி யோசியுங்கள். தூங்கும்போது கட்டைவிரலைப் பிடித்துக் கைபேசியின் மேல் வைத்துத் திறந்து படித்துவிட்டு, காலையில் ஒன்றும் அறியாதவர்போல் இருப்பது தொழில்நுட்பமே தேவைப்படாத வேவு. கைபேசியின் பாதுகாப்பு அமைப்பில் எத்தனை விரல்ரேகைகள் பதிவாகியிருக்கின்றன என்றும் பாருங்கள். நீங்கள் ஒன்றைத்தான் பதிந்தீர்கள், அங்கே இரண்டு இருக்கிறது என்றால் மற்றொன்று யாருடையது என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவதாக, செய்தி உங்கள் பக்கத்திலிருந்துதான் கசிகிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தங்கையின் கைபேசியை அவள் கணவர் படிக்கலாம். சொந்தக்காரர் குழுவில் போட்டது நங்கையா வழியாக வரலாம். ஒருவருக்கு மட்டும் ஒரு சிறு செய்தியை, யாருக்கும் தீங்கில்லாததாக, அனுப்பிப் பார்த்தால் எந்த வழியில் போகிறது என்பது தெரிந்துவிடும்.

அடைக்கும் நாளில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின் எண்ணையும் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால், உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி கையில் கிடைத்த எவரும் கணக்கை வேறு கைபேசியில் தொடங்கிவிடலாம்.

“யாருடன் பேசினேன் என்பது அவருக்குத் தெரிகிறது”

சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நிறுவனத்தின் கண்ணுக்கு வாடிக்கையாளர். அழைப்பு விவரம் கேட்பதும், தொலைந்துவிட்டதாகச் சொல்லி மாற்று சிம் வாங்குவதும் அவருக்கு உரிய வசதிகள். மாற்று சிம் இயங்கத் தொடங்கினால் உங்கள் கைபேசியில் சிக்னல் திடீரென்று போய்விடும். அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், ஏனெனில் அதற்குப் பிறகு வரும் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்பதைக் கைபேசியின் அழைப்பு அமைப்புகளில் ‘கால் ஃபார்வர்டிங்’ பகுதியில் பார்க்கலாம். காரின் புளூடூத்தும் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் தன்னிடம் இறக்கி வைத்துக்கொள்ளும்.

இதற்கு மாற்று, உங்கள் ஆதாரில் உங்கள் பெயரிலேயே ஒரு சிம். ஆனால் தனிக் கைபேசி ஒன்றை வாங்கி ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் யோசனை கூட்டுக் குடும்பத்துக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மாமியாரும் ஓரகத்தியும் புழங்கும் சமையலறையில், அரிசி டின்னுக்குள் ஒளித்த கைபேசி கிடைத்துவிட்டால், அது இன்னொருவருடன் தொடர்பு என்ற பழியாகத் திரும்பும். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் கூட நிற்கும் தோழியின் கைபேசியோ, பள்ளிக்கூடத்து டீச்சரின் கைபேசியோ பல நேரங்களில் அதைவிடப் பாதுகாப்பானது.

“தேடியது, எடுத்த படம், வந்த மின்னஞ்சல் எல்லாம் தெரிகிறது”

மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் கூகுள் கணக்கையே சந்தேகிக்க வேண்டும். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘யுவர் டிவைசஸ்’ என்பதில், எந்தெந்தக் கைபேசியிலும் கணினியிலும் அது திறந்திருக்கிறது என்று பட்டியல் இருக்கும். மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் பாருங்கள். அவை அவருடையவை என்றால், கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அவர் திரும்பவும் உள்ளே வரலாம். கூகுள் போட்டோஸில் துணைவருடன் பகிர்தல் என்ற வசதி ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படமும் தானாகவே அவரிடம் போகும், காயத்தைப் படமெடுத்தாலும்கூட. ஜிமெயிலில் வரும் கடிதங்களை வேறு முகவரிக்கும் அனுப்பிவைக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்பதைக் கணினியில் திறந்து அமைப்புகளில்தான் பார்க்க முடியும்.

இந்தக் கணக்கைச் சுத்தம் செய்வதைவிட, அவர் அறியாத வேறொரு சாதனத்தில், வேறு மீட்பு எண்ணோடு, புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வழக்கறிஞர், வங்கி, வேலை பற்றியவற்றை மட்டும் அங்கே வைத்துக்கொள்வதே மேல். பழைய கணக்கு பழையபடியே இயங்கட்டும். சமையல் குறிப்பும் சாமி பாட்டும் தேடிக்கொண்டிருங்கள். புதுக் கணக்கைப் பழைய கைபேசியில் ஒருமுறைகூடத் திறக்கக் கூடாது.

“கைபேசி சூடாகிறது, பேட்டரி நிற்பதில்லை, டேட்டா சீக்கிரம் தீர்கிறது”

இது மிகப் பலவீனமான அறிகுறி. மூன்று வருடக் கைபேசியின் பேட்டரி சித்திரை வெயிலில் நிற்காமல் போவதற்கு உளவுச் செயலி தேவையில்லை. ஆனால் இதோடு, வேறு எந்த வழியிலும் தெரிய முடியாத செய்திகளும் அவருக்குத் தெரிந்தால், தேடிப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் உளவுச் செயலியை நிறுவ, கைபேசி சில நிமிடங்கள் கையில் இருக்க வேண்டும்; பெரும்பாலும் அது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கப்படும். ஆகவே முதலில் பிளே ஸ்டோரில், தீங்கான செயலிகளைக் கண்டறியும் ‘பிளே புரொடெக்ட்’ இயங்குகிறதா என்று பாருங்கள். நீங்கள் அணைக்காமலே அது அணைந்திருந்தால், அதை நான் வலுவான அடையாளமாகவே எடுத்துக்கொள்வேன். அடுத்து, அமைப்புகளில் எல்லாச் செயலிகளின் முழுப் பட்டியலைப் பாருங்கள். முகப்புத் திரையில் படம் இல்லாமல் ‘சிஸ்டம் சர்வீஸ்’, ‘சிங்க்’ என்பதைப் போன்ற சாதுவான பெயரில் ஒளிந்திருக்கும். பெயரை வைத்து முடிவு செய்வது கடினம், உண்மையான சிஸ்டம் செயலிகளுக்கும் அப்படித்தான் பெயர். செயலிக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிகளை வைத்துப் பிடிப்பதே உறுதியான வழி. ‘அக்செஸிபிலிட்டி’ அனுமதி, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி, ‘டிவைஸ் அட்மின்’ அனுமதி ஆகிய மூன்று பட்டியல்களையும் திறந்து, நீங்கள் அறியாத பெயர் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றச் செயலிகளின் திரையையும் தட்டச்சையும் படிக்க, இத்தகைய அனுமதி அவற்றுக்குத் தேவைப்படுகிறது. ஐபோனில் இது அரிது. அங்கே பெரும்பாலும் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்தான் வழி. ஆனாலும் ‘ஜெனரல்’ பகுதியில் ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ என்பதில் அறிமுகமில்லாத எதுவும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ஃபேக்டரி ரீசெட் செய்தால், அதாவது எல்லாவற்றையும் அழித்துக் கைபேசியைப் புதிதுபோல் ஆக்கினால், இவற்றில் பெரும்பாலானவை போய்விடும்; சான்றும் அதோடு போய்விடும். காவல் நிலையத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் ரீசெட் செய்யாதீர்கள்.

“வீட்டுக்குள் நானும் அம்மாவும் பேசியது அவருக்குத் தெரிகிறது”

தோட்டத்து வீடுகளில் தேங்காய்த் திருட்டுக்கும் ஆட்டுத் திருட்டுக்கும் பயந்து வைஃபை கேமரா வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றில் பலவும் பேச்சையும் பிடிக்கும் என்பதும், திருப்பூரில் இருந்துகொண்டே காங்கேயத்துத் தோட்டத்து வாசலில் நடப்பதைக் கேட்கலாம் என்பதும் வீட்டில் இருக்கும் பெண்களுக்குச் சொல்லப்படுவதில்லை. கேமரா பார்க்கும் இடத்தில் பின் எண்ணை அழுத்தாதீர்கள், கைபேசியில் எதையும் படிக்காதீர்கள். பேசுவதற்குக் கிணற்றடியோ மாட்டுத் தொழுவமோ மேல். கைபேசியில் எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்யும் அமைப்பு போடப்பட்டிருக்கிறதா என்றும், குழந்தையின் டேப்லெட்டில் யாருடைய கணக்கு இருக்கிறது என்றும் பாருங்கள்.

இதில் ஒரு சட்டச் செய்தியும் உண்டு. மனைவிக்குத் தெரியாமல் கணவன் பதிவு செய்த பேச்சு, திருமண வழக்கில் சான்றாக ஏற்கப்படலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோபத்தில் சொல்லும் ஒரு வார்த்தையை வரவழைப்பதற்காகவே சண்டை தொடங்கப்படலாம் என்பதை மனதில் வையுங்கள். கணவன் உங்களை மிரட்டிப் பேசியதை நீங்கள் பதிவு செய்திருந்தால், அந்த வாய்ப்பு உங்களுக்கும் உண்டு.

“என் பணம், என் ஆதார், ஆனால் ஓடிபி அவருக்குப் போகிறது”

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் உங்கள் கணக்கில் ஏறும் செய்தி அவருடைய கைபேசிக்குப் போனால், எடுப்பதும் அவராகவே இருப்பார். வங்கியில் எண்ணை மாற்றினால் பழைய எண்ணுக்கும் செய்தி போகக்கூடும் என்பதால், பழைய கணக்கைத் தொடாமல், வேறு வங்கியிலோ அஞ்சலகத்திலோ உங்கள் பெயரில் மட்டும் புதுக் கணக்கு தொடங்குவது அமைதியான வழி. பாஸ்புக்கை அம்மா வீட்டில் வையுங்கள். ஆதாரில் கைபேசி எண்ணை மாற்ற உங்கள் கைரேகை போதும். பழைய எண் தேவையில்லை. எண் மாறிய பின் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியையும் பயன்படுத்தலாம். ஆதார், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் வெளியே ஒருவரிடம் இருக்கட்டும்.

“படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறார்”

மிரட்டல் வந்த செய்தியை அழிக்காதீர்கள், பதிலும் பேச்சுவார்த்தையும் வேண்டாம். அனுப்பியவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி வேறு கைபேசியால் படமெடுத்து வையுங்கள். ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவசச் சேவை, உங்கள் சாதனத்திலேயே அந்தப் படத்திலிருந்து ஓர் எண் அடையாளத்தை உருவாக்கி, அதை மட்டும் சமூக வலைத்தள நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. படம் உங்களை விட்டு வெளியே போவதில்லை. யாரேனும் அதை ஏற்ற முயன்றால் சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் தடுக்க முடிகிறது. பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே அது. ஏற்கெனவே வெளிவந்துவிட்டால், அந்தத் தளத்தில் புகார் செய்யுங்கள். இத்தகைய படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு விதித்தன. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

மானம் போய்விடும் என்று பணிந்துபோகச் சொல்லும் உறவினர்கள் இருப்பார்கள். பொள்ளாச்சியில் 2019-இல் வெளிவந்த வழக்கில், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து, படமெடுத்து மிரட்டிவந்த ஒன்பது பேருக்கும் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் சாகும் வரை சிறை விதித்தது.

“வீட்டை விட்டு வந்த பிறகும் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்”

பெரும்பாலும் குழந்தையின் கைபேசி, அல்லது இரண்டு பேரும் பயன்படுத்திய ஏதோ ஒரு கணக்கு. உணவும் பொருளும் வரவழைக்கும் செயலிகளில் புது முகவரி சேர்ந்தவுடன், அதே கணக்கைத் திறப்பவருக்கு அது தெரியும். பள்ளிக்கூடத்தின் செயலியில் தந்தையின் எண் இருந்தால் பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் காட்டும். தலைமையாசிரியரிடம் நேரில் பேசுங்கள். ரேஷன் கார்டில் பதிவான எண் அவருடையது என்றால், பொருள் வாங்கிய செய்தியும் அவருக்கே போகும்.

புகாருக்குப் போகும்போது

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில், மின்னணு வழியாகவோ தொலைபேசி வழியாகவோகூட உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) தடை விதிக்க முடியும். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்பையும் கண்காணிப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். கணவன் என்பதால் விலக்கு என்று அதில் எழுதப்படவில்லை. சமூக நலத்துறையின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கவும் இடம் உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால், வருமானம் எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். செய்தி வந்த மூலக் கைபேசி, கிடைத்த ஜிபிஎஸ் பெட்டி, ஏர்டேக் ஆகியவற்றை உடைக்காமலும் பிரிக்காமலும் வைத்திருப்பதே உங்கள் பங்கு. ஆனால் அவற்றை இயங்கும் நிலையில் காவல் நிலையத்துக்கோ தங்கும் இடத்துக்கோ எடுத்துப் போனால், அந்த இடமும் அவருடைய வரைபடத்தில் விழும். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கைபேசியை முழுவதும் அணைத்துவிடுங்கள். ஐபோன் போன்ற சில கைபேசிகளை அணைத்த பிறகும் தேடிக் கண்டுபிடிக்க முடியும், ஏர்டேக்கை அப்படி அணைக்கவே முடியாது; அவற்றை உடன் எடுத்துப் போக வேண்டாம். வண்டியை வழக்கமாக நிறுத்தும் இடத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போங்கள். வண்டியில் உள்ள பெட்டியை எங்கே, எப்படி, யார் முன்னிலையில் கழற்றுவது என்பதைப் பாதுகாப்பு அலுவலரிடமோ காவல் துறையிடமோ பேசி முடிவு செய்யுங்கள்.